பஞ்சுவையும் கரியனையும் சேர்த்து வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

என் முயல்கள் பஞ்சுவும் கரியனும் ஒரே கூண்டில் தூங்க ஆரம்பித்து இன்றோடு பத்து நாள். இதை எழுதும்போதுகூடக் கரியன் தலையைத் தரையோடு வைத்துப் படுத்திருக்கிறான். பஞ்சு அவன் நெற்றியை நக்கிக்கொண்டிருக்கிறாள், கண் இமையைக்கூட விடவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் அதே நெற்றியிலிருந்து ஒரு வாய் முடியைப் பிடுங்கியவள் இவள்தான். நடுவில் நடந்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. நான் அவசரப்பட்ட போதெல்லாம் உங்களில் யாராவது ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். கரியனைக் கொடுத்தவர், "ரெண்டும் பெண்தான், ஒன்னா விடுங்க, ரெண்டு நாள் சண்டை போட்டுட்டு ராசியாகிடும்" என்றார். நானும் நம்பி அன்று மாலையே அவனைப் பஞ்சுவின் கூண்டுக்குள் விட்டேன். இரண்டு வருடமாக அவள் ஒருத்தி ஆண்ட இடம் அது. மூலைக்கு மூலை தாடையைத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி வைத்திருந்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டும் பம்பரமாகச் சுழன்றன. முடி பறந்தது. பிரித்துவிட வெறும் கையை உள்ளே விட்டேன், எனக்கும் ஒரு கடி. கரியனின் காது ஓரத்தில் அந்தக் கிழிசல் இன்றைக்கும் இருக்கிறது.

டாக்டர் அம்மா, அந்தக் காதோடுதான் உங்களிடம் ஓடி வந்தேன். மருந்து போட்டுவிட்டு அவனைத் திருப்பிப் பார்த்த நீங்கள், "இது பெண்ணுன்னு யார் சொன்னது?" என்று கேட்டபோது என் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. குட்டியாக இருக்கும்போது இப்படி மாற்றிச் சொல்வது சகஜம்தான் என்றீர்கள். பஞ்சுவுக்கு ஏற்கெனவே கருத்தடை ஆபரேஷன் ஆகியிருந்தது. கரியனுக்கும் செய்து, ஹார்மோன் அடங்க ஆறு வாரம் விட்ட பிறகுதான் அடுத்த பேச்சு என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். ஆபரேஷனுக்கு முந்தின இரவு பட்டினி போடட்டுமா என்று கேட்டேன், நமக்கெல்லாம் போடுவார்களே என்று. "முயலுக்கு வாந்தி எடுக்க வராது. வயிறு சும்மா கிடந்தால்தான் வம்பு, காலை வரை புல் தின்னட்டும்" என்றீர்கள். வீட்டுக்கு வந்த இரவு அவன் ஒரு வாய்கூடத் தொடாமல் சுருண்டு கிடந்தபோது, பதினோரு மணிக்கு போனை எடுத்ததும் நீங்கள்தான். முயல் அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே குடல் ஓட்டம் நின்றுபோகலாம், விடியட்டும் என்று காத்திருக்காதே என்று அப்போதே வரச் சொன்னீர்கள். அந்த இரவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மாடி வீட்டு அண்ணனுக்கு. அந்த ஆறு வாரமும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், ஆனால் தொடக் கூடாது. நான் நடுவில் ஒற்றைக் கம்பி வலையைக் கட்டிவிட்டுப் பெருமையாக நின்றேன். வலை வழியாகவே மூக்கைக் கடித்துவிடும் என்று கேள்விப்பட்டதும், கேட்காமலே மரச்சட்டம் அடித்து, நாலு விரல் இடைவெளி விட்டு இரட்டை வலை போட்டுக் கொடுத்தீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை இவனை அந்தப் பக்கமும் அவளை இந்தப் பக்கமுமாக மாற்றி விட்டேன், மூத்திரத் தட்டை மாற்றாமல். ஒன்றின் வாசனையிலேயே மற்றது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதல் வாரம் நள்ளிரவில் பஞ்சு பின்னங்காலால் தரையை இடித்த இடிக்கு, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்புறம் அக்கா. எட்டு முயல் வளர்த்த கை உங்களுடையது. இரண்டுக்கும் சொந்தமில்லாத, எந்த வாசனையும் படாத இடம் வேண்டும் என்று நீங்கள் சொல்ல, எதிர்வீட்டு அம்மா பூட்டிக்கிடந்த தன் அறையின் சாவியைக் கொடுத்தார். வழுக்காமல் இருக்கக் கம்பளம், இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, தடித்த கையுறை, சண்டை வந்தால் நடுவில் நீட்டக் குப்பை வாரும் முறம். முதல் நாள் ஐந்து நிமிடம்தான். "நல்லா இருக்கும்போதே முடிச்சிடு, இன்னும் கொஞ்சம்னு ஆசைப்படாதே" என்றீர்கள்.

நாலாம் நாளை மறக்க முடியாது. இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்துத் தலையைத் தாழ்த்தி நின்றன. 'என்னை நக்கு' என்று இவன், 'நீ முதலில் நக்கு' என்று அவள். மூன்று நிமிடம் அசையவில்லை. எனக்குக் கால் மரத்துப்போனது. பொறுக்காமல் பஞ்சுவின் தலையை லேசாகத் தள்ளப் போனேன். மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "வாலைப் பாரு, தூக்கியிருக்கா? காது பின்னால மடங்கியிருக்கா? இல்லையே. விடு." கரியன் அவள் மேல் ஏறியபோதும் நான்தான் பதறினேன். யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்கிறார்கள், பத்து நொடி பொறு, தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்கு, கீழே இருப்பது கடிக்கக் கூடாத இடத்தில் கடித்துவிடும் என்றீர்கள். கரியன் நெற்றியில் கொஞ்சம் வாழைப்பழத்தைத் தடவியது மட்டும் என் சொந்த யோசனை. பழம் தீர்ந்ததும் நக்கலும் தீர்ந்தது, உங்கள் நக்கல் மட்டும் ஒரு வாரம் ஓடியது.

பதினேழாம் நாள் பஞ்சு தொப்பென்று பக்கவாட்டில் விழுந்தாள். மயக்கம் என்று நான் எழுந்தேவிட்டேன். பயம் துளிகூட இல்லாத முயல்தான் அப்படி விழுமாம். கொஞ்ச நேரம் கழித்துக் கரியன் போய் அவள் முதுகை ஒட்டிப் படுத்தான். நாம் இருவரும் பேசவே இல்லை.

காரில் ஏற்றிச் சுற்றினால் பயத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று யோசனை சொன்னவர்களுக்கும் நன்றி. எனக்கு மனசு வரவில்லை. 'ஜோடி சேர்க்கிறேன்' என்றதும் குட்டி கேட்டு வரிசையில் நின்றவர்களே, மன்னிக்கவும், இது துணைக்கு மட்டும்.

கடைசி இரண்டு நாள் இரவு பகலாகக் காவல் இருக்க வேண்டியிருந்தது. முறை வைத்துத் தூங்காமல் இருந்த அக்கா மகளுக்குத் தனி நன்றி. அவள் நோட்டில் "3.10, ஒரே தட்டில் புல்" என்று ஒரு வரி இருக்கிறது. கூண்டை வினிகர் தண்ணீர் விட்டுக் கழுவிப் பழைய வாசனையைப் போக்கியதும் அவள்தான்.

எதிர்வீட்டு அம்மா, உங்கள் அறையைப் பெருக்கித் துடைத்துச் சாவியைத் தந்துவிட்டேன். மேஜையின் பின்பக்கத்துக் கால் ஒன்றில் பல் தடம் இருக்கும். நேரில் சொல்ல வாய் வரவில்லை. கரியன்தான்.