அரட்டைக்குத் தனிக் குழு இருக்கிறது

வணக்கம் நண்பர்களே,

நேற்று இரவு நம் பழைய கணினிக் குழுவில் கடலூர் நண்பர் ஒருவர் பிபிசி மைக்ரோவின் (எண்பதுகளின் பிரிட்டிஷ் கணினி) பவர் சப்ளையைத் திறந்து படம் போட்டு, "ஆன் பண்ணலாமா?" என்று கேட்டிருந்தார். பதில் சொல்ல ஆளில்லை. புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து வேண்டுமா என்ற சண்டை விடிய விடிய ஓடி, யார் தாத்தா எந்த ஊர் என்பதில் போய் நின்றது. கேள்வி மேலே எங்கேயோ புதைந்துவிட்டது.

அவருக்குப் பதில்: பண்ணாதீர்கள். படத்தில் மஞ்சள் உறையில் கீறல் தெரிகிறதே, அது ரிஃபா கெப்பாசிட்டர், மின் இரைச்சலை வடிகட்டும் பழைய காகித வகை. உங்கள் கணினி 1984 வாக்கில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த மாடல். இத்தனை வருடத்தில் கெப்பாசிட்டர் உறை விரிசல் விட்டு ஈரம் இறங்கியிருக்கும். நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். மின்சாரம் கொடுத்தால் டப்பென்று வெடித்துப் புகை கக்கும், வீடே நாறும். அதே மதிப்பில் புது எக்ஸ்2 வகை (மெயின்ஸ் மின்சாரத்தில் போடவென்றே வரும் பாதுகாப்பு வகை) கெப்பாசிட்டர் போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தே கை வையுங்கள்.

இனி அரசியல், சாதி, சினிமா, ஃபார்வர்டு எல்லாம் அரட்டைக் குழுவில்தான். இங்கே போட்டால் நீக்குவோம். மறுபடியும் போட்டால் ஒரு வாரம் வெளியே.

வீட்டுக் கணினிகளில் எது உசத்தி, ஸ்பெக்ட்ரமா, கமடோர் 64ஆ என்ற சண்டைக்குத் தடையில்லை. இரண்டும் 1982இல் வந்த நாளிலிருந்து நடப்பது. அதை நிறுத்த அட்மினால் ஆகாது. (நான் இசட்80 கட்சி, அதாவது அந்த சிப் உள்ள ஸ்பெக்ட்ரம் பக்கம், தெரிந்ததே.)

ஞாயிறு புதுச்சேரி காந்தி வீதிச் சந்தைக்கு வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள்.

– அட்மின்