ஏலக்கூடத்தில் தொங்கிய 43 படங்களுக்காக

கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் சின்னப்பாலம் அக்காமாருக்கும், பாம்பன் படகுக்கார அண்ணன்மாருக்கும், மதுரையில் என் லென்ஸைக் காப்பாற்றித் தந்த ஐயாவுக்கும் வணக்கம்.

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் மீன் ஏலக்கூடத்தில் கயிறு கட்டி என் 43 படங்களைத் தொங்கவிட்டோம். கயிறு உங்கள் படகிலிருந்து வந்தது, கிளிப் உங்கள் வீட்டுத் துணிக்கொடியிலிருந்து வந்தது, படத்தில் இருந்தவர்களும் நீங்கள்தான். பிள்ளைகள் கூட்டமாக வந்து "இது எங்க அம்மாச்சி" என்று விரலை வைத்துக் காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நன்றி சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் பரமக்குடிக்காரன். ஒரே மாவட்டம்தான், ஆனால் எனக்குத் தெரிந்த தண்ணீர் வைகை. அதுவும் வருஷத்தில் சில நாள். படித்து முடித்ததும் சென்னையில் மென்பொருள் வேலை, இன்றுவரை அதுதான். 2019-இல் கேமராவோடு பாம்பனுக்கு வந்தது எல்லாரையும் போல ரயில் பாலத்துக்காக. 1914-இல் திறந்த பாலத்தில் ரயில் ஊர்ந்து வருவதை எடுக்க வேண்டும் என்று காத்திருந்தேன். அந்த நேரத்தில், சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கடற்பாசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கரையேறினீர்கள். ரயில் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது.

படகில் என்னை ஏற்றிக்கொள்ள உங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது. அது சரியான காலம் என்றே இப்போது நினைக்கிறேன். அதற்கு முன்னால் ஏறியிருந்தால் தலைகளைத்தான் எடுத்திருப்பேன், விரல்களைப் பார்த்திருக்க மாட்டேன். விடியுமுன் படகில் உட்கார்ந்து, பழைய சேலையைக் கிழித்த துணியை ஒவ்வொரு விரலுக்கும் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவீர்கள். பாறை கிழிக்காமல் இருக்க அந்தத் துணி. பத்து விரலும் முடிந்த பிறகுதான் பேச்சு வரும். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, மிச்ச நாள் பாசி வளரட்டும் என்று நீங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டையும் அந்தப் படகில்தான் கேட்டேன்.

மூத்த அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. அக்கா, உங்கள் கையில் மரிக்கொழுந்துப் பாசி இருக்கும் படத்தை நான் இணையத்தில் போட்டேன், நினைவிருக்கிறதா? யாரும் முழுக்கோப்பாக இறக்கிக்கொள்ளும்படி போட்டிருந்தேன். பலரும் பாராட்டினார்கள். நீங்கள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு தம்பி. இது எந்த இடம்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டீர்கள். தண்ணீர்தானே தெரிகிறது, எப்படித் தெரியும் என்றேன்.

அன்று ராத்திரி விடுதியில் கோப்பைத் திறந்து பார்த்தேன். கேமராவும் என் போனும் இணைந்திருந்ததால், அட்சரேகை, தீர்க்கரேகை, மணி, நிமிஷம், வினாடி எல்லாம் படத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே எங்கே மூழ்கலாம், எங்கே கூடாது என்பது உங்கள் பிழைப்போடு ஒட்டிய பேச்சு. அந்தப் பேச்சுக்கு நடுவில் நான் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வாடிக்கையாளர்களின் விவரம் வெளியே கசியாமல் பார்ப்பதுதான் அலுவலகத்தில் என் வேலையே. அந்தப் புத்தி படகில் ஏறும்போது என்னோடு ஏறவில்லை.

படத்தை அப்போதே எடுத்துவிட்டேன். மறுவாரம் வந்து உங்களிடம் சொன்னேன். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். "வந்து சொன்னியே, சாப்பிட்டியா?" என்று கேட்டு மீன் குழம்பு ஊற்றினீர்கள். அன்றிலிருந்து இடக்குறிப்பை அழிக்காமல் ஒரு படமும் என் கையைவிட்டுப் போனதில்லை. படத்தில் இருப்பவர் பார்த்து, வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன். 43 என்று சொன்னேனே, முதலில் அவை 60. அலுவலகத்திலும் புதிதாக எதையாவது வடிவமைக்கும்போது நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் நான் முதலில் கேட்கிறேன். யாருடைய கேள்வி என்று என் குழுவுக்கும் சொல்லியிருக்கிறேன்.

படகுக்கார அண்ணனுக்கு: "ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு நின்னா காத்து எங்கிட்டு வருதுன்னு எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் அதட்டினீர்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் அடித்தால் தென்கடல் பொங்கும், வாடை அடித்தால் வடகடல் கலங்கும், கேமராவை இறக்கிவிட்டு முகத்தில் காற்றை வாங்கிப் பார் என்றீர்கள். இப்போது அப்படித்தான் செய்கிறேன். எந்தக் கரையில் வெளிச்சம் கிடைக்கும் என்பதைக்கூட அதை வைத்தே முடிவு செய்கிறேன்.

மதுரை ஐயா, உப்புக்காற்றில் போய்வந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதே, உப்புத்தூள் கண்ணாடியைக் கீறிவிடும், முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடு என்று சொல்லித் தந்தீர்கள். பூஞ்சை பிடித்த லென்ஸைத் திருப்பித் தரும்போது காசும் குறைத்தே வாங்கினீர்கள். அந்த லென்ஸில் எடுத்தவைதான் பாதிப் படங்கள்.

நீர் வற்றும் நாளைப் பார்த்து எனக்கு விடுப்பு மாற்றித் தந்த அலுவலகத் தோழிக்கும், காலை நாலரைக்கே அடுப்பு மூட்டிய பாம்பன் டீக்கடை அம்மாவுக்கும் நன்றி.

அப்புறம் ஒரு விஷயம். படங்களை அவரவருக்கே கொடுத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. நீலச் சட்டை போட்டு, கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டுச் சிரிக்கிற அம்மா தொண்டியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாராம். அவருடைய படத்தை ஈரம் படாமல் உறையில் போட்டு டீக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். அவர் திரும்பியதும் யாராவது சொல்லிவிடுங்கள்.