டிசம்பர் மாதம் கடையில் நிற்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். மான்செஸ்டரில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது, வகுப்பும் கடையுமாக நாள் போவதில் வெயிலைப் பார்த்தே பல நாளாகிறது என்று நீ சொன்னதிலிருந்து எங்களுக்கு உன் நினைப்பாகவே இருக்கிறது. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறாய். அதனால், ஓய்வாக இருக்கும்போது படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கேட்ட அளவு கிடைக்கவில்லை என்று ஒரு பெண்மணி ஸ்வெட்டரை உன் முன்னால் வீசிவிட்டுப் போனதைச் சொல்லும்போது உன் குரல் நடுங்கியது. தியாகராய நகரில் சேலை செக்‌ஷனில் நின்ற காலத்தில், தீபாவளிக்கு முதல் நாள் மாலை, கைக்கு வந்த போனஸ் பணத்தோடு ஓடிவரும் மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கித் தரவேண்டியவர்களின் பட்டியலுக்குக் கையிலிருக்கும் பணம் எட்டாதபோது, அந்தக் கோபத்தை அவர்கள் முதலாளியிடமோ சம்பந்தி வீட்டாரிடமோ காட்ட முடியாது. எதிரே நின்று சேலை விரித்துக் காட்டுபவனிடம் காட்டுவார்கள். அங்கே கிறிஸ்துமஸும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த ஸ்வெட்டர் உன்மீது வீசப்பட்டதல்ல, அம்மா.

ஆனால் காரணம் புரிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. யாராவது கெட்ட வார்த்தை பேசினாலோ கையை ஓங்கினாலோ பதில் பேசாமல் இரண்டடி பின்னால் போய் மேனேஜரைக் கூப்பிடு. அன்றைக்கே அதை எழுதிக்கொடு. பொதுமக்களுக்குச் சேவை செய்யும் ஊழியரைத் தாக்கினால் தண்டனையைக் கூட்டவேண்டும் என்று இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. எழுத்தில் இருந்தால்தான் அது உனக்குத் துணை நிற்கும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை உன் தூக்கம்தான். நவம்பர் கடைசியில் பிளாக் ஃபிரைடே தள்ளுபடியில் தொடங்கிய ஓட்டம் இன்னும் நிற்கவில்லை. இரவு பத்து மணிவரை மக்கள் கலைத்துப் போட்ட துணிகளை மடித்து அடுக்கிவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்குச் சரக்கு இறக்கப் போனதாகச் சொன்னாய். நடுவில் எட்டு மணி நேரந்தான் இருக்கிறது. அதிலும் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் போக மிச்சம் என்ன? ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் இடையே பதினொரு மணி நேரம் ஓய்வு, ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் நடுவே இருபது நிமிட இடைவேளை என்பது அந்த நாட்டில் 1998ஆம் ஆண்டிலிருந்தே உள்ள விதி. அதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. வரிசை நீண்டிருக்கிறதே என்று இடைவேளையை விட்டுக்கொடுக்காதே. நீ சாப்பிடாமல் நின்றாலும் வரிசை அப்படியேதான் இருக்கும். கல்லூரி நடக்கும் வாரங்களில் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய உன் விசா இடம் தராது என்பதையும், ஆள் பற்றாக்குறை என்று யார் கெஞ்சினாலும் மறந்துவிடாதே.

கால் வலியைப் பற்றி நீ சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குச் சிரிப்பாக இல்லை. நாங்கள் தூணில் முதுகைச் சாய்த்து, ஒரு காலுக்கு மாற்றி ஒரு காலாக நின்றே பொழுதைக் கழித்தவர்கள். மேஸ்திரி வருகிறார் என்றால் அந்தச் சாய்மானமும் போய்விடும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021ஆம் ஆண்டில்தான். அதற்குள் நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். என் கெண்டைக்காலில் புடைத்து நிற்கும் நரம்புகளை நீ சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். ஆகவே விலையைப் பார்க்காமல் நல்ல காலணி வாங்கிக்கொள். வீடு திரும்பியதும் கால்களைச் சுவரில் உயர்த்தி வைத்துச் சிறிது நேரம் படு.

இந்த வேலை வேண்டாம் என்று தோன்றினால், அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காமல் விட்டுவிடு. வாடகைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

டிசம்பர் 25 அன்று பெரிய கடைகளைத் திறக்கக்கூடாது என்று அங்கே சட்டமே இருப்பதால் அந்த ஒரு நாள் உனக்கு நிச்சயம். அன்று தோழி வீட்டு விருந்துக்குப் போனாலும் சீக்கிரம் திரும்பித் தூங்கு. ஏனென்றால் 26ஆம் தேதி தள்ளுபடிக் கூட்டமும், பரிசுகளைத் திருப்பித் தர வருபவர்களும் ஒன்றாக வந்து நிற்பார்கள். கடையில் நேரில் வாங்கிய பொருள் பழுதாக இருந்து, முப்பது நாளுக்குள் திருப்பிக் கொண்டுவந்தால் பணத்தைக் கொடுத்தாகவேண்டும். பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் திருப்பினால் கடையின் விதிதான் முடிவு. அந்த விதியை அச்சிட்டுக் கவுண்டரில் ஒட்டும்படி மேனேஜரிடம் இப்போதே சொல். ஒவ்வொருவரிடமும் வாதாடித் தொண்டை கட்டுவதைவிட அதைக் காட்டிவிடலாம். 26ஆம் தேதி காலையில் பஸ் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பதையும் விசாரித்துக்கொள். உன் ஷிப்டுக்கு முன்னால் பஸ் இல்லையென்றால் கடையில் முன்கூட்டியே சொல்லி நேரத்தை மாற்றிக்கொள், இருட்டில் தனியாக நடந்து போகாதே.

அன்புடன்,
அப்பா