பாறை மாதிரித் தரவு இணைப்பு: ஞாயிறு காலை 10 மணி

நிலவியல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆளுக்கொரு எக்செல் கோப்பில் கிடக்கும் நம் மாதிரி விவரங்களை ஒன்றாக்கி, வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மையத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறோம். பாளையங்கோட்டையில் வழக்கமாகக் கூடும் இடம்தான். உங்கள் கோப்பு வெள்ளி இரவுக்குள் எனக்கு வர வேண்டும்.

1. ஒரு மாதிரிக்கு ஒரு எண், ஒரு வரிசை. சார்னோகைட் பாறையோ செந்நிறத் தேரி மணலோ, ஒரே எண் இரண்டு இடத்தில் வரக்கூடாது.

2. அட்சரேகை, தீர்க்கரேகை தசமப் பாகையில் மட்டும். 8 பாகை 43 நிமிடம் 30 விநாடி என்பது 8.725. அதையே 8.4330 என்று தட்டினால் நெல்லை டவுன் பாறை நாங்குநேரியைத் தாண்டிப் போய் உட்காரும்! பழைய டோப்போஷீட்டில் (நில அளவை வரைபடத்தில்) பார்த்து எடுத்த புள்ளி என்றால் அதையும் குறிப்பிடுங்கள். அது எவரெஸ்ட் அளவை, ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84; இரண்டும் பூமியின் வடிவத்தை வேறு வேறாகக் கணக்கிடுவதால் ஒரே இடத்துக்கு வேறு எண்கள் வரும். மாற்றுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

3. ஆய்வகக் கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைவு என்றால் 0 போடாதீர்கள். ‘<5’ என ரிப்போர்ட்டில் உள்ளபடியே விடுங்கள். அளக்கவே இல்லை என்றால் கட்டம் காலியாக இருக்கட்டும்.

4. மாதிரி எண் பத்தி ‘டெக்ஸ்ட்’ வடிவில் இருக்கட்டும். ‘எம்ஏஆர்-3’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் எக்செல் அதை மார்ச் 3 ஆக்கிவிடும். இதுதான் பெரிய தலைவலி.

5. களக் குறிப்பேட்டையும் எடுத்து வாருங்கள். அப்புறம், மூலக் கோப்பை அழித்துவிட வேண்டாம்.

ஞாயிறு வருகிறீர்களா, எத்தனை மாதிரிகள் என்று இங்கேயே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போதாது.