படகிலேயே போ, ராசா

பெரியவனுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் சொகம். அப்பாவுக்கு சுகர் மாத்திரையை மாத்திக் கொடுத்திருக்காங்க. போன்ல ரெண்டு நிமிஷத்துக்கு மேல நீயும் பேச மாட்டேங்கிற, எனக்கும் தொண்டை அடைச்சுக்குது. அதான் பழைய டைரியில தாளைக் கிழிச்சு எழுதுறேன். நானே படம் எடுத்து அனுப்பவும் கத்துக்கிட்டேன். எழுத்து தெரியலைன்னா பெருசாக்கிப் பாரு.

செவ்வாக்கிழமை நீ அனுப்பின படம் பார்த்தேன். ஆரஞ்சு கலர்ல மேல்சட்டை மாட்டின ஒருத்தன் வண்டி ஓட்டுறான், நீ பின்னால உக்காந்திருக்க. ஒரு கையில போனைப் பிடிச்சு நீயே எடுத்திருக்க. சுத்தி கடையெல்லாம் வெளிச்சமா ஜேஜேன்னு இருக்கு. அவன் தலையில ஹெல்மெட் இருக்கு. நல்ல படம்தான். நான் ஒண்ணும் சொல்லலை.

ஆனா பாங்காக்ல வண்டியில ஏறாமலே எல்லா இடத்துக்கும் போயிடலாம்ப்பா. பக்கத்து வீட்டுப் புள்ளைய வச்சு ரெண்டு நாளா மேப்புல பார்த்துட்டேன். இப்ப எனக்கு அந்த ஊரு டவுன்ஹால் ரோடு மாதிரி. நீ தங்கியிருக்கிற காவ் சான் தெருவுக்கு அரிசின்னு அர்த்தமாமே, முன்னாடி அரிசி வித்த தெருவாம். இப்ப விடிய விடிய பாட்டும் கூத்தும்னு அந்தப் புள்ள சொல்லுது. தூங்குறியா? அங்கேருந்து கொஞ்சம் நடந்தா பிரா ஆர்தித் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடி கட்டின படகு வரும். ஏறி சாத்தோன் துறையில இறங்கு. இறங்கின இடத்துலயே மேல ரயில் ஓடுது. அடுத்த ஸ்டேஷனே சுரசாக். அங்க இறங்கி நடந்தா சீலோம் ரோட்டுல நம்ம மாரியம்மன் கோயில். அந்தக் காலத்துல நம்ம ஆளுக போய்க் கட்டினது. இப்ப அந்த ஊர்க்காரங்களே தட்டு நிறைய பூவும் பழமும் வச்சுக்கிட்டுக் கும்பிடுறாங்க. நீ ஊர் போய் எத்தனை நாளாச்சு, ஒரு எட்டு போய்ப் பார்க்கணும்னு தோணலையா?

பிரதூனம் பக்கம் துணி எடுக்கப் போறதுன்னா பான் ஃபா பாலத்துக்கிட்ட வாய்க்கால்ல படகு இருக்கு. சென் சேப் வாய்க்கால். தண்ணி கருப்பாத்தான் இருக்கும். தெறிக்காம இருக்க ஓரத்துல தார்ப்பாயை இழுத்து விடுவாங்க, நீ வாயை மூடிக்க. அவசரம்னா ரயில். 1999லேயே மேல ரயில் விட்டுட்டான், பூமிக்கு அடியிலயும் ஓடுது. ரெண்டும் இல்லாத இடம்னா மூணு சக்கர துக் துக் இருக்கு, நம்ம ஆட்டோதான். கூடக் கேட்டா கொடுத்துட்டுப் போ, காசு நான் போட்டு விடுறேன்.

நீ அனுப்பின படுத்திருக்கிற புத்தர் படத்தைப் பூக்காரம்மாகிட்ட காட்டினேன். 46 மீட்டர் நீளமாம், எம் பையன் நேர்ல பார்த்திருக்கான்னு சொன்னேன். பாதத்துல இருக்கிற சிப்பி வேலையைப் பார்த்துட்டு அது, "உன் மகன் கொடுத்து வச்சவன்க்கா"ன்னுச்சு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பார்த்தா, நான் கேட்ட நாலு கேள்விக்கும் ஒரே ஒரு கட்டைவிரல். என்ன பதில்டா அது? அம்மாவுக்குப் போடுற பதிலா?

அப்புறம் அந்த ஊஞ்சல் படம். உசரமா சிவப்புத் தூணு மட்டும் நிக்குது, ஊஞ்சலைக் காணோம். "பலகை இல்லாத ஊஞ்சல்"னு எழுதியிருந்த. நான் மார்கழியில கோயில்ல பாடுற திருவெம்பாவையை அங்க ராஜாவோட பிராமணங்க பாடுவாங்களாமே, அந்த விழாவுக்கே திரியம்பாவாய்னுதான் பேராம். ஊஞ்சல் ஆடினவங்க விழுந்து செத்துப் போகவும் 1935ல அதை நிறுத்திப்புட்டாங்களாம். ஆட வேண்டாம்னு சொல்ல அங்க ஒரு ஆள் இருந்திருக்கு.

ராசா, படகுலயே போ.

நீ சாவியை டிவி மேல வச்சிட்டுத் தூங்கிட்டன்னுதான் அப்பா இன்னும் நினைச்சுக்கிட்டிருக்காரு. நீயும் அப்படித்தான் நினைக்கிற, எனக்குத் தெரியும். நீ வைக்கலை. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினவனுக்கு எங்க வச்சோம்னு எப்படி ஞாபகம் இருக்கும்? ஆணியில தொங்கின உன் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. சின்னவன் நச்சரிச்சான். நாந்தான் கைய விட்டு எடுத்துக் கொடுத்தேன். பரோட்டா தின்னணும்னு ஆசைப்பட்டதும் நாந்தான். சால்னா கூட ரெண்டு கேட்டு வாங்கிட்டு வாடான்னு வாசல் வரைக்கும் வந்து சொன்னேன். ஹெல்மெட்டை எடுத்துட்டுப் போன்னு சொல்லலை. அது கதவுக்குப் பின்னாலதான் தொங்குச்சு.

ஆஸ்பத்திரி வராந்தாவுல அப்பா உன் சட்டையைப் பிடிச்சு உலுக்கினப்ப நான் ஒரு முழ தூரத்துல நின்னேன். வாயைத் திறக்கலை. இன்னிக்குச் சொல்லுவோம், காரியம் முடியட்டும், தலைத் திதி போகட்டும்னு தள்ளித் தள்ளி, இந்த ஆடி வந்தா 2 வருஷம். நீ வேலையை விட்டுட்டு மூட்டையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினப்பவும், ஊர் சுத்தப் போறான்னு எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. முதல்ல உனக்குத் தெரியட்டும்னுதான். ராத்திரி அவர் சாப்பிட்டதும் சொல்லிடுவேன். இங்க பத்தரைன்னா அங்க பன்னெண்டு. நீ முழிச்சிருந்தா கூப்பிடு. கோவமா இருந்தா கூப்பிடாதே, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

மாரியம்மன் கோயிலுக்குப் போனா உன் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணு. கேட்டா சொல்லத் தெரியணும்ல, நட்சத்திரம் கேட்டை.

அம்மா