என் கணக்கிலிருந்து ஏற்ற மாட்டேன்

அன்புள்ள செழியனுக்கு,

அந்த மருத்துவமனைக் குழுமத்தைப் பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். தமிழ் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அதை என் கணக்கிலிருந்து தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்ற மாட்டேன். ஏன் என்று தொலைபேசியில் கேட்டாய். அவசரத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் குழுமம் உன் விளம்பர நிறுவனத்தின் வாடிக்கையாளர். கட்டுரை வந்தால் அவர்களுக்கு விளம்பரம், உன் நிறுவனத்துக்குப் பணம், உனக்கு நல்ல பெயர். நீ நன்றாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. ஆக, அந்தக் கட்டுரை நிலைப்பதில் எனக்கும் ஆதாயம் உண்டு. இந்த நலமுரணை வைத்துக்கொண்டு, யாரோ சம்பந்தமில்லாத ஒருத்தி எழுதியது போல என் பெயரில் அதை ஏற்றினால், படிப்பவரை நான் ஏமாற்றுகிறேன்.

"ஒரு வரிகூடப் பொய் இல்லை அம்மா" என்றாய். உண்மைதான், நானும் சரிபார்த்தேன். தொடங்கிய ஆண்டு, கிளைகள், விருதுகள் எல்லாம் சரி. ஆனால் சிகிச்சைக் குறைபாட்டுக்காக அந்தக் குழுமம் இழப்பீடு தர வேண்டும் என்று நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டதை நாளிதழ்கள் எழுதியிருக்கின்றன. சிறிது நேரம் தேடியதுமே கிடைத்தது. உன் கட்டுரையில் அது இல்லை. நீ வேண்டுமென்று மறைத்தாய் என்று நான் நினைக்கவில்லை. வாடிக்கையாளர் கொடுத்த கோப்பில் அது இருந்திருக்காது. அதைத் தாண்டித் தேட வேண்டும் என்று உனக்கும் தோன்றியிருக்காது. எனக்குப் பயம் தருவது அதுதான். எதைத் தேடுவது, எந்த இடத்தில் தேடலை நிறுத்துவது என்பதையெல்லாம் சம்பளம் நமக்குத் தெரியாமலே முடிவு செய்துவிடுகிறது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போவது என்று கைப்பேசியில் தேடும் ஒரு மகள் உன் கட்டுரையைப் படிப்பாள். விருதுகள் அவளுக்குத் தெரியும். உத்தரவு தெரியாது.

நீ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஆண்டில் நான் வேதியியல் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருந்தேன். உன் தாள் வேறு மாவட்டத்துக்குப் போனது. என்னை நம்பாமலா அப்படி அனுப்பினார்கள்? எவ்வளவு நேர்மையான ஆசிரியையாக இருந்தாலும் பெற்ற பிள்ளையின் தாளைத் திருத்தக் கூடாது என்பதில் யாருக்கும் அவமானம் இல்லை. விக்கிப்பீடியாவின் விதியும் அவ்வளவுதான். உன்னை அயோக்கியன் என்று அது சொல்லவில்லை.

அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்சே இதில் மாட்டிக்கொண்டார். 2005இல் தன்னைப் பற்றிய கட்டுரையில், லாரி சாங்கருக்கு இணை நிறுவனர் என்ற இடம் தரும் வரிகளை அவரே திருத்தியது வெளியே வந்தது. பிறகு அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைக்கும் தொகுப்பு வரலாறு யாரையும் விடாது, கண்ணா. 2007இல் விக்கிஸ்கேனர் என்ற கருவி வந்தபோது, பெயரில்லாமல் செய்த திருத்தங்கள் எந்தெந்த நிறுவனத்தின், எந்தெந்த அரசு அலுவலகத்தின் கணினிகளிலிருந்து வந்தன என்று உலகமே பார்த்தது.

நம் நாட்டில் நடந்த ஒன்றை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.ஐ.பி.எம். என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனம் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் கிடையாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த நிறுவனம் தொடர்பான கட்டுரைகளை ஒரு பக்கமாகச் சாய்த்தார் என்று குற்றம் சாட்டப்பட்டவர் சாதாரணப் பயனர் இல்லை, கட்டுரைகளை நீக்கவும் கணக்குகளை முடக்கவும் அதிகாரம் உள்ள நிர்வாகி. 'வைஃபைஒன்' என்பது அவர் கணக்கின் பெயர். பல ஆண்டுகள் புகார் இருந்தும், 2015 பிப்ரவரியில்தான் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு அவரைத் தடை செய்தது. அவருக்கு யாராவது பணம் கொடுத்தார்களா என்ற கேள்வியை விடு. நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் பிள்ளையைப் படிக்க அனுப்பும் பெற்றோர் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் கட்டுரையை நம்பிப் படித்திருப்பார்களே. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. அவரை நிர்வாகி ஆக்கியது மற்ற பயனர்களின் நம்பிக்கை. அதே நம்பிக்கையைத்தான் இப்போது நீ என்னிடம் கேட்கிறாய்: "உங்கள் கணக்கு பழைய கணக்கு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்."

உன் வாடிக்கையாளர் நன்மைக்கும் சேர்த்தே ஒன்று சொல்கிறேன். 2015 ஆகஸ்டில் 'ஆரஞ்ச்மூடி' என்ற பெயரில் ஒரு கும்பல் பிடிபட்டது. 381 கணக்குகள் முடக்கப்பட்டன, 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. நிராகரிக்கப்பட்ட வரைவுகளைத் தேடிப் பிடிப்பார்கள்; அந்த வணிகர்களிடம் போய், பணம் கொடுத்தால் ஏற்றித் தருகிறோம் என்பார்கள். ஏற்றிய பிறகு, கட்டுரை அழியாமல் பார்த்துக்கொள்ள மாதாமாதம் கட்டணம் கேட்பார்கள். மறைவாக எழுத ஆள் தேடும் நிறுவனம் கடைசியில் இப்படிப்பட்டவர்கள் கையில்தான் போய்ச் சேரும். விளம்பரத் துறையில் இருப்பதால் 2019இல் நடந்ததும் உனக்குத் தெரிந்திருக்கலாம். சுற்றுலா இடங்களைப் பற்றிய கட்டுரைகளில் இருந்த படங்களை எடுத்துவிட்டு, தன் உடைகள் தெரியும் படங்களை நுழைத்ததற்காக நார்த் ஃபேஸ் நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

ஆங்கிலத்தில் உங்கள் வரைவு நிராகரிக்கப்பட்டதாகவும், "தமிழில் கண்காணிப்புக் குறைவு, அங்கே போடலாம்" என்று உன் மேலாளர் சொன்னதாகவும் சொன்னாய். செழியா, நீ சொன்னதில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். அவர் சொன்னது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. மாதத்துக்கு ஒரு திருத்தமாவது செய்பவர்கள் சில நூறு பேர்தான். அண்மைய மாற்றங்களை உட்கார்ந்து பார்ப்பவர்கள் அதிலும் குறைவு. வேலைக்குப் போய், சமைத்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வந்து பார்க்கிறவர்கள். ஆங்கிலத்தில் ஒரு வாரம்கூட நிற்காத கட்டுரை தமிழில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தேடுபொறி அதை மேலே காட்டும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் அதைப் படித்துத் தமிழர்களுக்குப் பதில் சொல்லும். காவல் குறைவு என்பதற்காக நம் மொழியின் கலைக்களஞ்சியத்துக்குள் சரக்கை இறக்கலாம் என்று ஒருவர் நினைக்கிறார், அதற்கு என் மகனை அனுப்புகிறார். அவரிடம் உனக்கு மரியாதை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வேலையை மட்டும் செய்யாதே.

பணம் வாங்கி எழுதுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. கூகுள் நிறுவனம் கூலிக்கு ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியபோது, நடை, தலைப்புத் தேர்வு, மொழிபெயர்ப்புத் தரம் என்று எங்களுக்கு நிறையக் குறைகள் இருந்தன. ஆனால் யார் செய்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. அதனால் உரையாட முடிந்தது, குறைகளைச் சொல்லித் திருத்தச் சொல்ல முடிந்தது. மறைந்திருப்பவரிடம் யார் போய் என்ன பேசுவது?

சம்பளத்தைப் போலவே பாசமும் கண்ணை மறைக்கும். உன் தாத்தாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லி உன் மாமா என்னை எத்தனை முறை கேட்டிருக்கிறார். அவர் நடத்திய கையெழுத்து இதழ், மாலை வகுப்பில் எழுத்தறிவித்தது, எல்லாம் எனக்குத் தெரியும். வேறு யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் பயனர்கள் கூடிப் பேசும் பக்கமான ஆலமரத்தடியில் கேட்டேன், சம்பந்தமில்லாதவர்கள் எழுதிய சான்றுகள் வேண்டும் என்றார்கள். வலித்தது. ஆனாலும் அந்தக் கட்டுரை இன்றுவரை இல்லை, நான் எழுதவும் மாட்டேன். என் அப்பாவுக்குச் செய்யாததை ஒரு மருத்துவமனைக்கு எப்படிச் செய்வேன்?

இனி நீ செய்யக்கூடியதைச் சொல்கிறேன். உன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கு, நிறுவனத்தின் பெயரில் வேண்டாம். பயனர் பக்கத்தில் உனக்குச் சம்பளம் தருவது யார், யாருக்காக எழுதுகிறாய், அவர்களோடு உனக்கு என்ன தொடர்பு என்று தெளிவாக எழுது. 2014 ஜூன் முதல் இது, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது. யாருடைய தயவும் இல்லை. கட்டுரையை நேரடியாக ஏற்றாதே. வரைவாக வைத்து, மற்றவர்கள் பார்க்கட்டும் என்று கேள். செய்திக்குறிப்பை அப்படியே அச்சிட்ட பக்கங்களை மேற்கோளிலிருந்து எடுத்துவிடு; உன் பட்டியலில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கிறது. நுகர்வோர் ஆணைய உத்தரவைச் சேர். பிற்பாடு ஏதாவது தவறாக இருந்தால், உரையாடல் பக்கத்தில் சான்றோடு சொல். நல்லவர்கள் இருக்கிறார்கள், திருத்திவிடுவார்கள். வரைவைப் பார்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். உன் வரைவு என்பதையும் நான் உன் அம்மா என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன்.

உத்தரவைச் சேர்த்தால் வாடிக்கையாளர் கட்டுரையே வேண்டாம் என்பார். சொல்லட்டும். மேலாளர் கோபித்தால் விதியைக் காட்டு. ஆரஞ்ச்மூடி கதையையும் சொல், பணம் போடுகிறவர்களுக்கு அது சீக்கிரம் புரியும். அவருக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு. ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன், கூப்பிடு.

அன்புடன்,
அம்மா