இலவச ஆஸ்பத்திரி சரி, போய்வரும் செலவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரச ஊழியருக்கு அக்ரஹார மருத்துவக் காப்புறுதி, பாடசாலைப் பிள்ளைகளுக்கு சுரக்ஷா காப்புறுதி, ஆனால் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் எங்கள் ஆட்களுக்கு என்ன என்று கேட்டால், 'அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம்தானே' என்கிறார்கள். சரி, இலவசம்தான். மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்கு வேன் கூலி, வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேன், வேலைக்குப் போகாமல் பேர் விழாத நாளின் சம்பளம், கூடப் போகிறவரின் சம்பளமும் சேர்த்து, இதையெல்லாம் யார் தருவது? தோடு அடகுக் கடைக்குப் போகிறது, கடையில் கடன் ஏறுகிறது. முதலாளி எங்கள் பேரில் பணம் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் (ETF) இருதய சத்திரசிகிச்சைக்கும் கண் வில்லைக்கும் உதவி உண்டு. நாங்கள் குடியிருக்கும் லயத்தில் அதைச் சொல்ல ஆளில்லை (தொழிற்சங்கச் சந்தா பிடிக்க மட்டும் ஆள் வரும்). காப்புறுதி கொடுத்தால் தேயிலைச் செலவு கூடும் என்பவர்கள், காய்ச்சலோடு மலை ஏறுகிறவர் எத்தனை கிலோ எடுப்பார் என்றும் கணக்குப் பார்க்கட்டும். அடுத்த சம்பளப் பேச்சில் தொழிற்சங்கங்கள் இதையும் கேட்க வேண்டும்.

ஒரு வாசகர்,
மஸ்கெலியா